தேர்மணியும் ஒலிபெருக்கியும்

ஞாயிற்றுக்கிழமைக் காலையில் புக்கிட் பெலிம்பிங் வட்டாரத்தில் உறங்குவோர் யாவர் என்பதை முதற்கண் எண்ணிப் பார்த்தல் வேண்டும். இரவு வேலை முடித்து, விடிந்தபின் வீடு திரும்பிய ஆலைத் தொழிலாளி உறங்குவார். கிழமை முழுவதும் செம்பனைக் குலை வெட்டித் தோளும் கழுத்தும் கடுத்துப் போனவர், வாரத்தில் அந்த ஒருநாள் பெரட்டு இல்லை என்ற நிம்மதியில் உறங்குவார். இரவெல்லாம் அழுத பச்சிளங் குழந்தை அப்பொழுதுதான் கண்ணயர்ந்திருக்கும். தலைநகரிலிருந்து கடற்கரை நோக்கிப் புறப்பட்ட நெடும்பயண மோட்டார் சைக்கிள்கள் அணியணியாக வரும் வேளையும் அதுவே. கோலாலம்பூர் – கோலாசிலாங்கூர் விரைவுச்சாலை 2011இல் திறக்கப்பட்ட பின்பு, புக்கிட் மெலாவத்திக் கலங்கரை விளக்கமும், பாசிர் பெனாம்பாங் மீனுணவுக் கடைகளும், செக்கிஞ்சான் நெல்வயல்களும் அரைநாட் பயணத்தில் கண்டு திரும்பத்தக்கவை ஆகிவிட்டன. வருவோர் வரட்டும், அவர்களால் சிறு கடைகள் பிழைக்கின்றன. வண்டி வருமுன்னே வந்து, வண்டி போனபின்னும் போகாத பாட்டைப் பற்றியதே இங்கு எழும் வழக்கு.

'வாரத்தில் ஒருநாள், அதிலும் சில நிமிடம், இதற்கொரு கட்டுரையா?' என்று கேட்போர் உளர். சாலையோர வீட்டில் குடியிருந்து பாராதவர்களே அங்ஙனம் கேட்பர். ஓர் அணி கடந்து செல்லச் சில நிமிடம், அணிகளோ பல, திரும்பும் வழியும் அதே வழி.

இவ்வழக்கம் எங்கிருந்து முளைத்தது என்பது அறிதற்கு உரியது. ஹோண்டா நிறுவனம் 1974இல் கோல்ட் விங் வண்டியை உலகுக்குக் காட்டியபோது அதில் 999 சி.சி. இயந்திரம் இருந்தது, காற்றைத் தடுக்கும் முகப்புக் கூடு இல்லை, பாட்டுப்பெட்டியும் இல்லை. முகப்புக் கூடும் பயணப் பெட்டிகளும் ஆலையிலேயே பொருத்தப்பெற்ற இன்டர்ஸ்டேட் வகை 1980இல் வந்தது. 1982இல் ஆஸ்பென்கேட் தொடர்ந்தது. அமெரிக்க ஹார்லி டேவிட்சன் வண்டிகள் வௌவால் சிறகு போன்ற முகப்பை 1969ஆம் ஆண்டு வகையிலேயே பெற்றுவிட்டன. முகப்பு வந்தது மார்பில் மோதும் காற்றைத் தடுக்க. முகப்புக்குள் இடம் இருந்தமையால் அங்கே வானொலி குடியேறியது. நாட்கணக்கில் ஆளரவமற்ற நெடுஞ்சாலைகளில் செல்லும் ஒருவனுக்கு வானிலைச் செய்தியும் ஒரு பாட்டும் துணையாகும் என்பதே அதன் நோக்கம். 2018ஆம் ஆண்டுக் கோல்ட் விங்கில் கைப்பேசியின் வழிகாட்டிப் படமே முகப்புத் திரையில் தோன்றலாயிற்று. ஆலையிலிருந்து வரும் இக்கருவிகளோடு எவருக்கும் பகையில்லை.

பகை தொடங்குமிடம் 'மேம்படுத்தும்' கடை. ஆலை பொருத்திய சிறு ஸ்பீக்கர்களைக் கழற்றி எறிந்துவிட்டு ஆறரை அங்குல ஸ்பீக்கர்களை அமர்த்துகின்றனர். பக்கப் பெட்டிகளின் மூடிகளை வெட்டி மேலும் இரண்டு. பின்பெட்டியில் இன்னும் இரண்டு. 4 ஓம் தடையுள்ளவற்றுக்கு மாற்றாக 2 ஓம் தடையுள்ளவற்றை இணைத்தால், அதற்கேற்ப அமைந்த ஆம்ப்ளிஃபயர் கூடுதல் ஆற்றலைத் தள்ளும். சிறிய உடலும் பெரிய வலிமையும் கொண்ட 'டி' வகை ஆம்ப்ளிஃபயர் ஒன்று முகப்புக்குள்ளோ பெட்டிக்குள்ளோ ஒளிந்துகொள்ளும். அதற்கு மின்கலத்திலிருந்து தடித்த கம்பி, தனி ஃபியூஸ். இவ்வளவும் செய்யும் இளைஞர்களின் கைத்திறன் போற்றற்குரியது. ஒரு கம்பியின் இணைப்பு நெகிழ்ந்தாலும் மழையில் புகைந்துவிடும் வேலை அது. அவர்களை இக்கட்டுரை குறைகூறாது. ஆனால் மாற்றுடைக்கும் மழைச்சட்டைக்கும் என்று அமைந்த பெட்டியில் காந்தமும் கம்பிச்சுருளும் நிறைந்துவிட, பயணி தன் பொதியை முதுகில் சுமந்து செல்லும் காட்சியைக் கண்டு நகைக்காமல் இருத்தல் அரிது.

இதனை மேம்பாடு என்னும் சொல்லால் வழங்குகின்றனரே, எது மேம்பட்டது? பாட்டைக் கேட்கும் இன்பம் மேம்பட்டது என்பர். கணக்கு வேறு கூறுகிறது. மின்னாற்றலை இருமடங்காக்கினால் ஒலி 3 டெசிபல் அளவே உயரும். செவிக்கு 'இருமடங்கு' என்று தோன்றுதற்கு ஏறத்தாழ 10 டெசிபல் உயர வேண்டும். அதற்கு ஆற்றல் பத்து மடங்காக வேண்டும். 25 வாட்டில் பாடியதை 250 வாட்டில் பாடவைக்கப் பணத்தைக் கொட்டியவன் பெற்றது, செவியளவில் ஒரே ஒரு மடங்கு உயர்வு. கடையின் அட்டையில் அச்சிட்ட வாட் எண், ஒரு நொடிப்பொழுது தாங்கும் உச்சமா, இடைவிடாது தரும் ஆற்றலா என்பதைக் கேட்டறிந்து வாங்குவோர் எத்தனை பேர்?

மறுபுறம் காற்று இருக்கிறது. மோட்டார் சைக்கிள் ஓட்டுவோரின் தலைக்கவசத்திற்குள்ளேயே ஒலிமானி வைத்து அளந்தோர் கண்ட உண்மை இது: மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தை ஒட்டியே காற்றிரைச்சல் 90 டெசிபலை நெருங்குகிறது, விரைவுச்சாலை வேகத்தில் 100ஐ எட்டிவிடுகிறது. முகப்புக் கண்ணாடியும் தலைக்கவசமும் மாறினால் எண் சற்று மாறும், போக்கு மாறாது. மலேசியாவில் 2019ஆம் ஆண்டின் தொழிலிட இரைச்சல் விதிகள், ஒரு தொழிலாளியின் செவி நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் தாங்கத்தக்க எல்லையை 85 டெசிபல் என்று வரையறுக்கின்றன. ஒவ்வொரு 3 டெசிபல் உயர்வுக்கும் தாங்கும் நேரம் பாதியாகும் என்று கொண்டு பார்த்தால், 88இல் நான்கு மணி, 91இல் இரண்டு மணி, 94இல் ஒரு மணி, 97இல் அரைமணி, 100இல் கால்மணி நேரமே. தலைநகரிலிருந்து புறப்பட்டவன் கடற்கரையை அடையுமுன் அவன் செவிக்கு அன்றைய படி முடிந்துவிடுகிறது. பாட்டின்றியே இந்த நிலை! காற்றின் மீது ஏறிநின்று பாட்டுக் கேட்க வேண்டுமாயின் பாட்டு காற்றினும் ஓங்க வேண்டும். புண்ணின்மேல் வேல் பாய்ச்சுதற்கு ஒப்பான இச்செயலை மேம்பாடு என்கிறது கடை.

உண்மையாகவே பாட்டைக் கேட்க விழைபவனுக்கு வழி உண்டு, அது மலிவானதும்கூட. காதடைப்பானைச் செருகிக்கொண்டு, தலைக்கவசத்துக்குள் செவியருகே இரு சிறு ஸ்பீக்கர்களை ஒட்டிக்கொள்வதே அவ்வழி. காதடைப்பான் காற்றையும் பாட்டையும் ஒருங்கே தணிக்கும். ஆயின் ஒன்றோடொன்று கொண்ட விகிதம் கெடாது. ஆகவே பாட்டு தெளிவு குன்றாமல் கேட்கும், செவியும் பிழைக்கும். செவிக்கு ஒரு விரல் தொலைவில் உள்ள ஸ்பீக்கருக்கு ஒரு வாட்டினும் குறைந்த ஆற்றலே போதும். ஒரு வாட்டில் நிறைவேறும் காரியத்திற்கு எண்ணூறு வாட் எதற்கு? மீதியுள்ள வாட்டெல்லாம் எவர் செவிக்கு?

விடை சாலைச் சந்திப்பில் கிடைக்கிறது. நூறு கிலோமீட்டர் வேகத்துக் காற்றை வெல்லுமாறு திருகி வைக்கப்பட்ட ஒலி, சிவப்பு விளக்கில் வண்டி நிற்கும்போது அவ்வாறே நிற்கிறது. காற்று ஓய்ந்துவிட்டது, ஒலி ஓயவில்லை. வண்டியருகே ஒரு மீட்டரில் 110 டெசிபல் என்று கொள்வோம். வெட்டவெளியில் தொலைவு இருமடங்காகும்தோறும் 6 டெசிபல் குறையும். இரண்டு மீட்டரில் 104, நான்கில் 98, எட்டில் 92, பதினாறில் 86, முப்பத்திரண்டு மீட்டரில் 80. சாலைக்கு முப்பது மீட்டர் உள்ளடங்கிய வீட்டுத் திண்ணையிலேயே பேச்சு மூழ்கிவிடும். சன்னலை அடைத்தால் பாடுபவரின் குரல் தணியும். தாளத்தின் கீழ்ச்சுருதி தணியாது. அது சுவரையே முழவாக்கிக்கொண்டு உள்ளே வரும். வேகம் குறைந்தால் தானே ஒலியைக் குறைக்கும் அமைப்பு விலையுயர்ந்த வண்டிகளில் இருக்கிறதே என்று மறுப்போர்க்கு ஒரு சொல்: இருக்கிறது, மெய்தான். அதனை இயங்கவிடுவோர்க்கு இக்கட்டுரையோடு வழக்கில்லை. அதனை அணைத்துவிட்டு ஊருக்குள் நுழைவோர்க்கே வழக்கு.

இவர்கள் உரைக்கும் காரணங்களுள் சற்று மதிக்கத்தக்கது ஒன்றே. 'மோட்டார் சைக்கிளோட்டியைக் காரோட்டி காண்பதில்லை. ஒலியாவது எங்கள் உயிரைக் காக்கும்' என்பது அது. அச்சம் பொய்யன்று. மலேசியச் சாலைகளில் மாள்வோருள் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றோரே. ஆனால் மருந்து பொய். தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஹாரி ஹர்ட் குழு, லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்து விபத்துகள் 900ஐ நேரிற் சென்று ஆராய்ந்து 1981இல் வெளியிட்ட அறிக்கை, மோட்டார் சைக்கிளோட்டியைத் தாக்கும் இடர் பெரும்பாலும் முன்புறத்திலிருந்தே வருகிறது என்று காட்டியது. எதிரே வருபவர் கண்ணில் படுவதே காப்பு. பகலிலும் முன்விளக்கை எரியவிட வேண்டும் என்று மலேசியா 1992இல் விதி செய்தது அதனாற்றான். முகப்பு ஸ்பீக்கர்களோ ஓட்டுபவனை நோக்கி, அதாவது பின்னோக்கிப் பார்த்திருப்பவை. இடர் முன்னே, ஒலி பின்னே. கதவையும் கண்ணாடியையும் அடைத்துக் குளிர்சாதனத்தில் அமர்ந்திருக்கும் காரோட்டிக்கு எட்டாத ஒலி, கூரையும் சன்னலும் திறந்த வீட்டில் இருப்பவளுக்கு எட்டுகிறது. மேலும், ஆம்புலன்சின் ஓலத்தையும், செம்பனை லாரி பின்னிருந்து எழுப்பும் ஊதலையும் கேளாதபடி தன்னைத் தானே செவிடாக்கிக்கொண்டவன் உயிர்க்காப்பைப் பற்றிப் பேசுவது விந்தையிலும் விந்தை.

இன்னொரு காரணம் தமிழ்ப்பற்றின் போர்வை அணிந்து வருகிறது. 'எல்லா இனத்தவரும் போகும் சாலையில் நம் பாட்டும் ஒலிக்கட்டுமே' என்கின்றனர் சிலர். தமிழ் கேட்கப்படாத நாட்டில் தமிழ் ஒலிக்க வேண்டும் என்ற ஏக்கம் புரிந்துகொள்ளத்தக்கதே. ஆனால் முப்பது வினாடியில் தேய்ந்து மறையும் வண்டியிலிருந்து, காற்றும் இயந்திரமும் கலந்த இரைச்சலில், பாட்டின் ஒரு சொல்லாவது அயலார்க்கு எட்டுமா? எட்டுவது தாளம் ஒன்றே. எம்மொழிப் பாட்டின் தாளமும் அத்தொலைவில் ஒன்றுபோலவே ஒலிக்கும். கவிஞன் இரவெல்லாம் விழித்து எழுதிய வரியை அரைத்துத் தாளமாக்கிச் சாலையில் கொட்டுவது தமிழுக்குச் செய்யும் தொண்டாமோ? உறக்கம் கெட்டு எழுந்த மலாய்க்காரரும் சீனரும் அந்நேரத்தில் தமிழைப் பற்றி என்ன நினைப்பர் என்பதையும் இவ்வன்பர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

தோட்ட மக்களின் வரலாற்றில் ஒலிக்கு உடையவன் எப்பொழுதும் ஒருவன் இருந்தான். விடியுமுன் பெரட்டுக்கு அழைத்த மணி தோட்ட நிருவாகத்துடையது. கேட்டவர்க்கு அதை நிறுத்தும் உரிமை இல்லை. பால்மரம் வெட்டிய தலைமுறைகள் அம்மணிக்கு விழித்தன. அது கேட்குமிடத்தில் இருந்தும் எழாதவர்க்கு அன்றைய பேர் விழாது. பின்னர் லயத்து வீடுகளில் வானொலி வந்தது. ஒரு வீட்டுப் பாட்டு அடுத்த வீட்டுக்கும் கேட்டது. பலகைச் சுவர் அப்படி. ஆனால் அங்கே ஓர் ஒழுங்கு இருந்தது. 'அண்ணே, பிள்ளைக்குக் காய்ச்சல், கொஞ்சம் குறைச்சு வைங்க' என்று சுவருக்கு இப்பால் இருந்து சொன்னால் குறையும். கேட்பவனும் கேட்கவைப்பவனும் முகம் அறிந்தவர்கள். இன்றைய ஒலிபெருக்கி வண்டியிடம் இதைச் சொல்ல இயலாது. சொல்ல வாயெடுக்குமுன் அது தஞ்சோங் காராங் போயிருக்கும். பெரட்டு மணிக்குப் பிறகு, மறுமொழி கூற முடியாத ஒலி மீண்டும் ஒருமுறை தோட்டத்து வாசலுக்கு வந்திருக்கிறது. இம்முறை அதை ஏவுபவன் துரை அல்லன். அவருள் சிலர் அதே லயங்களில் பிறந்து, கல்வியால் உயர்ந்து, நகரத்தில் நற்பணி பெற்றவர்களின் மக்கள் என்பது வருத்தத்தை இருமடங்காக்குகிறது.

இதில் ஊராரின் நடுவுநிலையும் கேள்விக்குரியது. கப்சாய் வண்டியின் கைப்பிடியில் சிறு புளூடூத் பெட்டி ஒன்றைக் கட்டிக்கொண்டு போகும் தோட்டத்துப் பையனை 'உருப்படாதவன்' என்று ஏசும் அதே நாவு, வீட்டு விலை பெறும் வண்டியில் அதனினும் பன்மடங்கு ஓங்கி முழங்கிச் செல்பவரைப் பார்த்து 'என்ன வண்டி!' என்று வியக்கிறது. டெசிபல் ஆளின் சொத்தைப் பார்ப்பதில்லை. 1987ஆம் ஆண்டின் மோட்டார் வாகன இரைச்சல் விதிமுறைகளை எடுத்துக்காட்டிப் புகைக்குழாயின் சத்தத்தைப் பற்றிப் பேசுவோர் உண்டு. அதே வண்டியின் பெட்டி மூடியிலிருந்து எழும் சத்தத்தைப் பற்றிப் பேசுவோரைக் காண்பது அரிது. ஆடித் திருவிழாவில் மரத்துக்கு மரம் குழாய் ஒலிபெருக்கி கட்டும் கோயில் செயலவையினரும் இவ்விடத்தில் சற்றே தலைகுனிதல் நன்று. ஆண்டில் சில நாள் என்பதும், ஊர் கூடி முடிவு செய்தது என்பதும் அவர்கள் தரப்பு நியாயங்கள். அவற்றை மறுக்காமலே, குழாயின் வாயைச் சற்றுக் கீழ்நோக்கித் திருப்பலாம் என்று சொல்ல இடமுண்டு.

தமிழாசிரியர்கள் இவ்வழக்கில் வெறும் பார்வையாளர்கள் அல்லர். இரைச்சலால் கெடும் செவி, எல்லா ஒலிக்கும் ஒருசேரக் கெடுவதில்லை. முதலிற் பழுதாவது 4000 ஹெர்ட்ஸ் சுற்றிலுள்ள மேல்சுருதிகளைக் கேட்கும் ஆற்றல். சொற்களில் உயிரொலி கீழ்ச்சுருதியில் வலிமையோடு நிற்கிறது. ஒரு மெய்யை மற்றொரு மெய்யிலிருந்து பிரித்துக் காட்டும் மெல்லிய குறிப்புகள் பெரும்பாலும் மேலே இருக்கின்றன. ஆகவே அத்தகைய செவிக்கு உயிர் கேட்கும், மெய் மழுங்கும். 'பேசுவது கேட்கிறது, என்ன பேசுகிறார் என்பதுதான் விளங்கவில்லை' என்று முதியோர் கூறுவது இதனையே. இருபது வயதில் அந்நிலையை விலைகொடுத்து வாங்குகிறான் இளைஞன். வகுப்பறையிலோ, பாடம் நடக்கும்போது பின்னணி இரைச்சல் 35 டெசிபலுக்கு மேற்படலாகாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 1999இல் வழிகாட்டியது. ஞாயிறன்று வருவோர் விடுமுறைக் காலங்களில் வேலை நாளிலும் வருகின்றனர். லகர ளகர ழகர வேறுபாட்டை ஏழு வயதுப் பிள்ளையின் செவியில் ஊன்ற ஆசிரியை வாயைத் திறக்கும் நேரத்தில் சாலை முழங்கினால், அவர் காத்திருக்க வேண்டும்; முழக்கம் போனபின் மீண்டும் தொடங்க வேண்டும்; அப்பொழுது பிள்ளையின் கண் சன்னலுக்கு வெளியே போயிருக்கும்.

பயண ஊர்தியில் ஒலியமைப்பு என்பது தமிழர்க்குப் புதியதன்று. பழந்தமிழ்த் தேர்களில் மணி கட்டினர். வழியில் நிற்போரை விலகச் செய்தலும், வருபவன் பெருமையை முன்னறிவித்தலும் அதன் பயன். இன்றைய ஒலிபெருக்கிக்குக் கூறப்படும் அதே இரண்டு பயன்கள். முல்லைக்குத் தேர் ஈந்த பாரியைக் கட்டுரையில் எழுதாத மாணவர் இலர். அத்தேரினும் குறைவாகவே பேசப்படும் தேர் ஒன்று அகநானூற்றின் நான்காம் பாட்டில் ஓடுகிறது. பாடியவர் குறுங்குடி மருதனார், திணை முல்லை. கார்காலம் வந்துவிட்டது; சொன்ன பருவம் தவறாமல் தலைவன் மீள்வான் என்று தோழி தலைவியைத் தேற்றுகிறாள். அவன் வரும் காட்டுவழியில் சோலைகள் பூத்திருக்கின்றன. அங்கே வண்டுகள் துணையோடு தங்கித் தாது உண்கின்றன. தேர்மணி ஒலித்தால் அவை மருளுமே என்று அஞ்சிய தலைவன், மணிகளின் நாவை இழுத்துக் கட்டிவிட்டு வருகிறான் என்கிறாள். பிரிந்த மனைவியைக் காண விரைந்து வருபவன். தன் வரவை ஊருக்கு முழங்க அவனுக்கு உரிமையும் உண்டு, களிப்பும் உண்டு. ஆயினும் அவன் எண்ணியது வழியில் வாழும் சிற்றுயிர்களை.

இப்பாட்டைப் பாடத்தில் நடத்தும் ஆசிரியர், 'அருளுடைமை' என்று ஓரத்தில் குறித்துவிட்டு அடுத்த பாட்டுக்குச் செல்வது வழக்கம். அவ்வளவில் விடத்தக்கதன்று இது. வண்டு மருளும் என்று தேரை நிறுத்தவில்லை அவன். வேறு வழியில் சுற்றிச் செல்லவுமில்லை. மணியைக் கழற்றி எறியவுமில்லை. உயிர்கள் தங்கியிருந்த சோலையைக் கடக்கும்வரை நாவைக் கட்டினான்; அவ்வளவே. மோட்டார் சைக்கிளை விற்றுவிடு என்றோ, பாட்டை விட்டுவிடு என்றோ எவரும் கேட்கவில்லை. விரைவுச்சாலையில் இருபுறமும் செம்பனையே நிற்கும் நெடுந்தொலைவில் அவரவர் செவிக்கு அவரவர் செய்யும் கேட்டை அவரவரே அனுபவிக்கட்டும். கேட்பது, மக்கள் தங்கியிருக்கும் இடங்களைப் பற்றி மட்டுமே.

மோட்டார் சைக்கிள் சங்கங்கள் பயணத்திற்கு முன் வழிக்குறிப்பு ஒன்று ஆயத்தம் செய்து உறுப்பினர்க்கு அனுப்புவது வழக்கம். எங்கே பெட்ரோல், எங்கே காலையுணவு, எங்கே பிந்தியவர்க்காகக் காத்திருப்பது என்றெல்லாம் அதில் இருக்கும். அதில் இன்னொரு வரி சேர்ப்பதற்கு எவர் இசைவும் தேவையில்லை. இஜோக், புக்கிட் ரோத்தான், புக்கிட் பெலிம்பிங், பாசிர் பெனாம்பாங், தஞ்சோங் காராங்: இவ்வூர்ப் பெயர்ப்பலகை கண்ட இடத்தில் ஒலி அணைக்கப்படும் என்று எழுதலாம். அணியின் தலைவர் முதலில் அணைத்தால் பின்வருவோர் அணைப்பர். அணிவகுப்பின் ஏனைய ஒழுங்குகளை அவர்கள் அங்ஙனந்தான் காக்கின்றனர். தமிழ்ப்பள்ளியில் படித்து இச்சங்கங்களில் உறுப்பினராக உள்ளோர் இதனை அடுத்த கூட்டத்திலேயே முன்மொழியலாம். குறுங்குடி மருதனாரின் தலைவன் தேரை நிறுத்தி, இறங்கி, ஒவ்வொரு மணியாகக் கட்டியிருப்பான். இவ்வண்டிகளில் ஒலியைக் குறைக்கும் பொத்தான் இடக்கைப் பிடியிலேயே, கட்டைவிரலுக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது.